கோபுரத்துக்கு இடதுபுறம்

1

சென்ற சனிக்கிழமை லண்டனில் எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு சிறிய படக் கண்காட்சி வைத்தார்கள். கனடிய நகரங்கள், அன்றும் இன்றும். வாசலுக்குப் பக்கத்தில் நாலைந்து பலகைகளை நிறுத்தி, பழைய படத்துக்கு அருகில் அதே இடத்தின் புதிய படத்தை ஒட்டியிருந்தார்கள். மொன்றியல் தெருவில் குதிரை இழுத்த ட்ராம் வண்டி. பக்கத்தில் அதே தெருவில் கண்ணாடிக் கட்டடம். வன்கூவர் துறைமுகத்தில் அறுத்துக் குவித்த மரங்கள். பக்கத்தில் அதே கரையில் அடுக்குமாடிகள். கடைசிப் பலகையில் ரொறன்ரோ. ஏரிக்கு நடுவிலுள்ள தீவிலிருந்து எடுத்த வண்ணப்படம். நடுவில் எல்லோரும் அறிந்த அந்த உயரக் கோபுரம். கீழே 1985 என்று அச்சடித்திருந்தது.

பிழை. பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

மேசையிலிருந்த வெள்ளைக்கார அம்மாவிடம் போனேன். "அது எண்பத்தைந்தில் எடுத்த படமாக இருக்க முடியாது. கோபுரத்துக்கு இடதுபுறம் பாருங்கள், பாரந்தூக்கி நிற்கிறது. அந்த விளையாட்டரங்கின் வேலை தொடங்கியது பிறகுதான்" என்றேன்.

அவர் எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ரொறன்ரோவில் நீண்ட காலம் இருந்தீர்களா?"

"ஒருநாளும் போனதில்லை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ஒரு துண்டில் எதையோ குறித்துக்கொண்டார். திருத்துவார்களோ தெரியாது. திருத்தாவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் போவேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி, "உங்களுக்கு வேற வேலை இல்லையே? தர்சினியின்ர விசயத்திலயும் இப்பிடித்தானே செய்தனீங்கள்" என்றாள். அவள் சொன்னது உண்மை. ரொறன்ரோவுக்குப் போகாமலே ரொறன்ரோவின் ஆண்டுக்கணக்கைச் சொல்லப் பழகிய நான், அந்தப் பழக்கத்தால் ஒருமுறை என் மருமகளின், அதாவது அக்காவின் மகள் தர்சினியின், கலியாணப் பேச்சை நிறுத்தினேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

ரெய்னர்ஸ் லேன் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் எனக்கு ஒரு படக்கடை இருக்கிறது. எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் வந்தவன் நான். முதலில் சில மாதம் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். பிறகு ஒரு குஜராத்திக்காரரின் படக்கடையில் வேலை. அவர் ஓய்வெடுத்தபோது கடையை நானே எடுத்தேன். ஊரில் உள்ளவர்கள் இதை ஸ்ரூடியோ என்று நினைத்து, "வெளிச்சமெல்லாம் போட்டு வைச்சிருக்கிறீரோ?" என்று கடிதத்தில் கேட்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. அலுமாரி அளவில் ஒரு இயந்திரம். ஒரு பக்கத்தால் பிலிம் றோலைக் கொடுத்தால் மறுபக்கத்தால் படங்கள் வரிசையாக வந்து விழும். மூலையில் ஒரு முக்காலி, பின்னால் ஒரு வெள்ளைத் திரை. அது பாஸ்போட் படத்துக்கு.

கடைக்குச் சோறு போட்டது அந்த முக்காலிதான். அகதி விண்ணப்பம், விசா நீடிப்பு, மனைவியைக் கூப்பிட ஒரு விண்ணப்பம், கூப்பிட்ட மனைவிக்கு இன்னொரு விண்ணப்பம். எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். ஒரு தூதரகம் இடது காது தெரியவேண்டும் என்னும். இன்னொன்று நேரே பார்க்கவேண்டும் என்னும். சிரித்த படத்தை எவரும் ஏற்கமாட்டார்கள். "அண்ணை, கொஞ்சம் கவலையா இருங்கோ" என்று நான் சொல்ல, "அதுக்கு நீர் சொல்லித் தரவேணுமே" என்று அவர்கள் சொல்ல, படம் எடுத்து முடிந்துவிடும். எங்கள் சனத்தின் காதுகளை என்னைப்போல அறிந்தவர் வடமேற்கு லண்டனில் வேறெவரும் இருக்க முடியாது.

எண்பதுகளின் நடுவிலிருந்து கடைக்கு வேறொரு வேலையும் வந்தது. லண்டனில் இருப்பவர்களுக்குக் கனடாவில் ஒரு அண்ணனோ மைத்துனனோ முளைத்துவிட்டார். பாஸ்போட் கிடைத்த வீடுகளிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் யாராவது போனார்கள். கலியாணம், பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியவீடு, புதுவீடு குடிபூரல். திரும்பி வந்த கிழமையே நாலைந்து றோல்கள் என் மேசையில் இருக்கும்.

எல்லா றோலிலும் ஒரே நகரம்தான். விமான நிலையத்தில் தள்ளுவண்டியோடு ஒரு படம். அண்ணனின் புதுக்காரில் கை வைத்தபடி ஒரு படம். நீர்வீழ்ச்சியில் நீல நிற மழைக்கோட்டோடு ஆளையாள் அடையாளம் தெரியாத ஒரு படம். தமிழ்க்கடை வாசலில் பெயர்ப்பலகை தெரிய ஒரு படம். தீவுக்குப் படகில் போய், பின்னால் கோபுரம் தலையிலிருந்து முளைத்த மாதிரி ஒரு படம். லண்டனுக்கு வந்து சேர்ந்த பிறகும் றோலில் இரண்டு படம் மிச்சமிருந்தால் வீணாக்கக்கூடாதென்று குளிர்சாதனப் பெட்டியையும் பூனையையும் எடுத்துவிட்டுத்தான் கொண்டுவருவார்கள்.

நிறம் பிசகிய படங்களை நான் திரும்ப அடித்துக்கொடுப்பேன். பிசகியவை குப்பைக்குப் போகவேண்டும். அவற்றில் கண்ணை மூடியவர்கள், அசைந்தவர்கள், பாதித் தலையோடு நின்றவர்கள். ஆனால் பின்னாலிருக்கும் நகரம் அசையாது, கண்ணை மூடாது. அப்படி ஆட்கள் கெட்டு நகரம் நன்றாக வந்த படங்களைப் பின்னறையில் ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்தேன். எங்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்த ஊர் எப்படி இருக்கிறதென்று அறியும் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஒருநாள் அதைக் கிளறிப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கள் எடுக்காத படம், நீங்கள் போகாத இடம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான். அவனோடு தமிழில் கோபிக்க முடியாது, பாதிதான் விளங்கும்.

பெட்டி நிறைய நிறைய நகரம் வளர்ந்தது. முதல் வந்த படங்களில் கோபுரத்துக்கு இடதுபுறம் ஒன்றுமே இல்லை. தண்டவாளங்களும் தாழ்ந்த கூரைகளும் புல்லும்தான். பிறகு பாரந்தூக்கிகள் வந்தன. வலதுபக்கத்தில் வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு புதுக் கட்டடம் தலைகாட்டியது. ஒரு கோடைகாலத்துப் படங்களில் பாரந்தூக்கிகளைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளைச் சட்டியைக் கவிழ்த்தது போல அரங்கின் கூரை. ரொறன்ரோவில் எங்கள் சனம் கூடிய ஸ்காபரோப் பகுதியின் படங்களும் அப்படித்தான். வெறும் கார்த்தரிப்பிடமும் ஒற்றைமாடிக் கடைவரிசையுமாக இருந்த இடத்தில், முதலில் ஒரு கண்ணாடியில் கையால் எழுதி ஒட்டிய தமிழ்க் காகிதம். அடுத்த வருடம் அது பலகையாயிற்று. அதற்கடுத்த வருடம் விளக்குப் போட்ட பலகை, பக்கத்தில் நகைக்கடை, புடைவைக்கடை, பின்னால் மாடிகள்.

வேடிக்கை என்னவென்றால், என் கடைக்கு முன்னாலிருந்த இறைச்சிக்கடை எப்போது மூடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இப்போது அதில் மரக்கறிக்கடை நடக்கிறது, முருங்கைக்காய் தொங்குகிறது. தினமும் பார்க்கிற தெருவை யார் படமெடுக்கிறார்கள்?

3

தொண்ணூற்று நாலாம் ஆண்டு. என் அக்கா வெம்பிளியில் இருந்தார். அத்தான் ஊரிலேயே செத்துப்போனார். அக்கா மகளோடு லண்டனுக்கு வந்தபோது தர்சினிக்குப் பதினைந்து வயது. இங்கே படித்து மருந்தாளராக வேலை செய்துகொண்டிருந்தாள். வந்த சம்பந்தங்களையெல்லாம் ஒரே சொல்லில் தட்டிவிடுவாள். ஒரு டொக்டரைத் தட்டினாள். கணக்காளர் ஒருவரைப் படத்தைப் பாராமலே தட்டினாள். அக்காவுக்கு நித்திரை இல்லை.

அப்போதுதான் ரவீந்திரன் என்பவரின் தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவர், யாழ்ப்பாணத்தில் இருப்பவர். யுத்தத்தால் பாதை ஒழுங்காக இல்லாத காலம். கடிதம் யார் யாரோ கைமாறிக் கொழும்புக்கு வந்து அங்கிருந்து தபாலில் வந்தது. மகன் கனடாவில், வயது முப்பத்து மூன்று, நல்ல பிள்ளை, இது அவருடைய தொலைபேசி இலக்கம், இத்துடன் படம். அவ்வளவுதான். தர்சினி அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாளாம். வேண்டாம் என்று சொல்லவில்லையாம். அக்கா அன்றே படத்தைக் கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, பாரடா. பெடியன் வடிவா இருக்கிறான். இவளும் வாயைத் திறக்கேல்லை. நீ ஓமெண்டு சொன்னால் எழுதிப்போடுவன்."

தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தான் முன்னுக்கு நிற்கவேண்டும். நான் படத்தை வாங்கினேன். நீல ஜக்கெற், அடர்ந்த சுருள்முடி, மெலிந்த முகம். பின்னால் ஏரி, கோபுரம். என் கண் தானாக இடதுபுறம் போயிற்று.

"அக்கா, இது பழைய படம்."

"எப்பிடிச் சொல்லுறாய்?"

"கோபுரத்துக்கு இடது பக்கம் பாருங்கோ. வெறுமையாக் கிடக்குது."

"அதை ஆரடா பார்த்தது? நான் பெடியனையெல்லோ பார்க்கிறன்."

சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் படங்களை வரிசையாகப் பரப்பினேன். பாரந்தூக்கி இல்லாதது, உள்ளது, கூரை போட்டது. ரவீந்திரனின் படத்தை எடுத்து வரிசையின் தலைமாட்டில் வைத்தேன். ஒரு சட்டத்தரணி இதைவிடத் தெளிவாக வாதாடியிருக்க முடியாது.

"இது எண்பத்தைஞ்சு, மிஞ்சினால் எண்பத்தாறு. இப்ப என்ன வருசம்? முப்பத்து மூண்டு வயசு மாப்பிள்ளை இருபத்து நாலு வயசுப் படத்தைக் காட்டினால் என்ன கருத்து? முடி கொட்டிட்டுதோ, முகம் மாறிட்டுதோ, ஆளே மாறிட்டுதோ, ஆருக்குத் தெரியும்?"

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. படத்தில் ஒருவரைப் பார்த்துவிட்டு விமான நிலையத்தில் வேறொருவரைக் கண்ட பெண்களின் கதைகள் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு உலாவின. "அவர் இல்லாத வீடு. நான் பிழை விட்டால் ஆரிட்டப் போய்ச் சொல்லுவன்?" என்றார். "வேண்டாமெண்டு எழுதிவிடுவம்."

அவர் போன பிறகு படங்களை ஒழுங்காக அடுக்கிப் பெட்டியில் வைத்தேன். அன்று முழுதும் எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம்.

4

அடுத்த நாள் சனிக்கிழமை. மத்தியானம் கடையில் சனம். தர்சினி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, நேரே மேசையில் அந்தப் படத்தை வைத்தாள்.

"மாமா, வேண்டாமெண்டு சொன்னீங்களாம்."

"பிள்ளை, ஏன் சொன்னனான் எண்டு கேள்." நான் திரும்பவும் இடதுபுறத்திலிருந்து தொடங்கினேன். அவள் இடையில் வெட்டாமல் கேட்டாள். இங்கே வளர்ந்த பிள்ளைகளின் பொறுமை ஒரு மாதிரியானது. முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் மறுப்பார்கள்.

"ஓகே. படம் பழசு. ஒத்துக்கொள்ளுறன். ஆனால் மாமா, ஏன் இந்த ஓரம் மட்டும் வேற கலர்?"

குனிந்து பார்த்தேன். படத்தின் நாலு பக்கமும் ஒரு நகத்தின் அகலத்துக்கு ஏரியின் நீலமும் புல்லின் பச்சையும் அப்படியே அடர்த்தியாக இருந்தன. உள்ளே எல்லாம் வெளுத்து மஞ்சளித்திருந்தது.

"வெளிச்சம் பட்டால் கலர் படத்தில நிறம் போகும். ஓரத்தில வெளிச்சம் படேல்லை. ஏனெண்டால்..."

படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

"ஏனெண்டால்?"

"சட்டம் போட்டு இருந்திருக்குது."

"கலியாணத்துக்கு அனுப்புற படத்தை ஆர் மாமா சட்டம் போட்டு, வெயில் படுற இடத்தில இவ்வளவு காலம் தொங்கவிடுறது?"

பதில் இரண்டு பேருக்கும் தெரிந்தது. கனடாவுக்குப் போன முதல் கோடையில் மகன் ஊருக்கு அனுப்பிய படம் அது. தாயார் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு அனுப்பியவை வழியில் எங்கே நின்றனவோ, அனுப்பவேயில்லையோ. சம்பந்தம் பேசப் படம் வேண்டுமென்றபோது அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். சுவரிலிருந்து இறக்கி, சட்டத்தைக் கழற்றி, மகனின் படத்தை எங்களுக்கு அனுப்பிவிட்டு, வெறுஞ்சுவரோடு இருக்கிறார். ஒன்பது வருடம் முன்னால் எடுத்தது என்று கண்டுபிடித்த நான், அந்த ஒன்பது வருடமும் படம் எங்கே இருந்தது என்று யோசிக்கவில்லை. வெளுத்த படங்களைத் தினமும் கையில் எடுக்கிற மனிதன் நான்.

"நான் அவருக்குப் போன் அடிக்கப் போறன்" என்றாள் தர்சினி.

"பொம்பிளைப் பிள்ளை நேர எடுத்துக் கதைக்கிறதோ? கொம்மா அறிஞ்சால் என்னைக் கொன்றுபோடுவா. நான் எடுக்கிறன்."

"நீங்கள் எடுத்தால் இடது பக்கத்தைத்தான் கேப்பீங்கள்."

தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து இலக்கத்தை அழுத்தினாள். எங்களுக்கு மத்தியானம், அங்கே காலை, வேலைக்குப் புறப்படுமுன் பிடிக்கலாம். நான் வாடிக்கையாளர்களின் பக்கம் திரும்பினாலும் காது பின்னாலேயே நின்றது.

"ஹலோ... ரவீந்திரனோ? நான் லண்டனிலயிருந்து தர்சினி. உங்கட அம்மா எங்களுக்கு உங்கட படம் ஒண்டு அனுப்பினவ... ஓம். நீல ஜக்கெற். பின்னால கோபுரம்." ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "அவருக்கு ஒண்டும் தெரியாது மாமா. 'அம்மா அதைக் கழட்டிப்போட்டாவோ?' எண்டு கேக்கிறார்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பிறகு அவள் கேட்கவேண்டியதைக் கேட்டாள். ஒளிவுமறைவில்லாமல், எங்கள் வீட்டில் எவரும் கேட்கத் துணியாத மாதிரி. வேறு படம் ஏன் இல்லை? முடி இருக்கிறதா? யாரையாவது விரும்பியிருந்தீர்களா? பதில்களைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டினாள். காலையில் ஒரு தொழிற்சாலை, மாலையில் ஒரு உணவகம், கிழமையில் ஏழு நாளும். இரண்டு தங்கைமாரின் கலியாணம், தம்பியை வெளிநாட்டுக்கு எடுத்தது. அந்த முதல் கோடைக்குப் பிறகு அவர் ஏரிக்கரைக்குப் போகவேயில்லையாம்.

"அந்தப் பெரிய அரங்கையும் பார்க்கேல்லையோ?... ரீவியிலயோ? நேர காணேல்லையோ?" அவள் சிரித்தாள். "மாமா, அந்தப் பெட்டியைத் தாங்கோ!"

பெட்டியைக் கொடுத்தேன். படங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லத் தொடங்கினாள். "நீங்கள் நிண்ட இடத்தில இப்ப இருக்கிறதுக்கு ஒரு மர வாங்கு போட்டிருக்கு. கோபுரத்துக்கு இடது பக்கம் வெள்ளைக் கூரை. வலது பக்கம் ஒரு சிவப்புக் கட்டடம் வந்திட்டுது. கரை முழுக்க மாடிவீடு... ஓம், உங்கட ஊர்தான். நான் வந்ததே இல்லை. மாமாவும் வந்ததில்லை." ரிசீவருக்குள் ஒரு ஆணின் சிரிப்பு என் காதுவரை கேட்டது. கனடாவை மிதிக்காத என் மருமகள், ரெய்னர்ஸ் லேனில் நின்றுகொண்டு, ஒன்பது வருடம் ரொறன்ரோவில் இருக்கிற ஒருவருக்கு அவருடைய நகரத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் படம் வாங்கக் காத்து நின்றார்கள். இயந்திரம் சூடாகவேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று பொய் சொன்னேன்.

"அப்ப அதே இடத்தில நிண்டு ஒரு புதுப் படம் எடுத்து அனுப்புங்கோ" என்று அவள் முடிக்கப் போனாள்.

"இடது பக்கம் தெரிய எடுக்கச் சொல்லு" என்றேன் மெல்ல.

அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கடை விலாசத்தைச் சொன்னாள். வீட்டு விலாசம் கொடுத்தால் உறையை அக்கா உடைத்துவிடுவார்.

அன்று பின்னேரமே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அக்கா, அந்தக் கடிதத்தை எழுதாதேங்கோ. படம் பழசுதான். ஆனால் பெடியன் அனுப்பின படமில்லை அது, தாய் அனுப்பினது. நான் அவசரப்பட்டிட்டன்." "எழுதி முத்திரையும் ஒட்டி வைச்சிருக்கிறன்" என்றார் அக்கா. "அந்த முத்திரைக் காசு நீதான் தரவேணும்."

5

மூன்று கிழமைக்குள் உறை வந்தது. ஒரு பகல் முழுதும் அதை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு உடைக்காமல் இருந்தேன். என் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று.

தர்சினி வேலை முடித்து, மருந்துக்கடை மேலங்கியோடு வந்தாள். உறையைக் கிழித்துப் படத்தை மேசையில் வைத்தாள். இரண்டு பேரும் குனிந்தோம்.

கோபுரம் இல்லை. ஏரி இல்லை. அரங்கு, சிவப்புக் கட்டடம், மாடிவீடுகள் எதுவும் இல்லை. தனியாகப் போய், வழியால் வந்த யாரிடமோ கமராவைக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் முகம்தான் முக்கியமென்று நினைத்து மிகவும் கிட்ட வந்துவிட்டார். நெஞ்சுக்கு மேலே ஒரு மனிதன், பின்னால் சாம்பல் நிற வானம். நெற்றியிலிருந்து முடி நன்றாகப் பின்வாங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கறுப்பு. தொழிற்சாலைச் சட்டையின் மேல் கோட். காற்றுக்கு ஒரு கண் பாதி மூடி, வாய் மட்டும் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: "எடுத்தவர் கோபுரத்தை விட்டிட்டார். இனி லீவு கிடைச்சதும் திரும்பப் போய் எடுத்து அனுப்புறன். குறை நினைக்க வேண்டாம்."

பூதக்கண்ணாடியை எடுத்து மூலை மூலையாகப் பார்த்தேன். வானம்தான். ஒரு கம்பத்தின் நுனிகூட இல்லை.

"பிள்ளை, இதில ஒண்டுமே தெரியேல்லை. என்ன வருசம், எந்த ஊர் எண்டு சொல்ல ஏலாது. இது பார்க்கிங்கில எடுத்ததெண்டாலும் நம்பலாம். மற்றப் படமும் வரட்டும், பொறுத்துப் பார்ப்பம்."

தர்சினி என் பூதக்கண்ணாடிக்குக் கீழிருந்து படத்தை மெல்ல உருவி எடுத்தாள். வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், அந்தப் பாதி மூடிய கண்ணைக் கனநேரம் பார்த்தாள்.

"வேண்டாம் மாமா. அவர் தெரியிறார்தானே" என்றாள். "அம்மாட்ட ஓமெண்டு சொல்லுங்கோ."